மீட்டர் போர்டைக் கழற்றி லைட் மாற்றுவது: தருமபுரி, கிருஷ்ணகிரி வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்காளியோ மாங்காயோ கிரானைட்டோ, எதை ஏற்றினாலும் எங்கள் இரண்டு மாவட்டத்து வண்டிகளுக்கும் இரவு ஓட்டம் இருந்தே தீரும். ராயக்கோட்டையில் லோடு ஏற்றி விடிவதற்குள் சந்தையில் நிற்க வேண்டியவர், தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்குபவர், அஞ்செட்டி காட்டு வழியாக வீடு திரும்புபவர் என யாராக இருந்தாலும், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பலகை இருட்டாகக் கிடக்கக் கூடாது. ஹெட்லைட் போனால் அன்றே மாற்றிவிடுகிறார்கள். மீட்டர் லைட் போனால் மாதக்கணக்கில் செல்போன் வெளிச்சத்தில் பார்த்து ஓட்டுகிறார்கள். இது எனக்குப் பெரிய கவலை. வாகன வயரிங் வேலையில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மீட்டர் போர்டு என்று நான் சொல்வது ஸ்பீடோமீட்டர், டீசல் முள், டெம்பரேச்சர் முள், எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் சேர்ந்த மொத்தப் பெட்டியை.

மீட்டர் லைட் மொத்தமாக எரியவில்லை. உடனே கழற்றிவிடலாமா?

வேண்டாம். எல்லா பல்பும் ஒரே ராத்திரியில் போவது அநேகமாக நடக்காத காரியம். மொத்தமாக அணைந்தால் கோளாறு பல்பில் இருக்காது, பல்புக்குக் கரண்ட் வரும் வழியில் இருக்கும்.

பார்க் லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு இறங்கி வண்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். டெயில் லேம்ப்பும் நம்பர் பிளேட் விளக்கும் சேர்ந்து அணைந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். பல வண்டிகளில் மீட்டர் வெளிச்சத்துக்கும் டெயில் லேம்ப்புக்கும் ஒரே ஃபியூஸ்தான். அதாவது மீட்டர் இருட்டாக இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் வருகிற லாரிக்காரருக்கு உங்கள் வண்டியே தெரியாமல் இருக்கலாம். அதே ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். அதுவும் போய்விட்டால் டெயில் லேம்ப் ஒயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது என்று அர்த்தம். அதைத் தேடிப் பிடிக்க வேண்டுமே தவிர, ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கக் கூடாது. தீப்பிடித்த வண்டிகள் பலவற்றுக்கு அந்தக் கம்பிதான் காரணம்.

டெயில் லேம்ப் எரிகிறது, மீட்டர் மட்டும் இருட்டு என்றால் டிம்மரைப் பாருங்கள். டேஷ்போர்டில் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன உருளையோ திருகோ இருக்கும். சர்வீஸ் கொடுத்த இடத்தில் துடைக்கும்போதோ, குழந்தைகள் விளையாடும்போதோ அது அடியோடு இறங்கியிருக்கும். மீட்டரைக் கழற்றிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர்.

இரண்டும் சரியாக இருந்து, மீட்டரின் ஒரு பக்கம் மட்டும் இருட்டாகவோ, ஒரு எச்சரிக்கை விளக்கு மட்டும் வராமலோ இருந்தால்தான் பல்பைப் பார்க்கக் கழற்ற வேண்டிய அவசியம் வருகிறது.

எந்த வண்டியில் நானே செய்யலாம்? எதில் கை வைக்கக் கூடாது?

பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர், அந்தக் காலத்து ஜீப், பழைய லாரிகள் இவற்றிலெல்லாம் மீட்டரின் பின்பக்கம் தனித்தனி பல்பு இருக்கும். பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றலாம். மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றுபோனது, ஆம்னி 2019இல் நின்றது. ஆனாலும் பல்பு கிடைக்குமா என்ற பயம் வேண்டாம். அவை எல்லா வண்டிக்கும் பொதுவான அளவுகள்.

புதிய கார்கள் பலவற்றில் கதை வேறு. பல்பே கிடையாது. அரிசி மணியை விடச் சின்ன எல்இடிகளைச் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அவற்றை மாற்ற மெல்லிய முனை கொண்ட சால்டரிங் அயர்ன், உருப்பெருக்கிக் கண்ணாடி, பழகிய கை மூன்றும் வேண்டும். அதோடு, சில கார்களில் சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்புப் பூட்டும் மீட்டரோடு இணைந்திருக்கும். அந்த போர்டு சேதமானால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஆகவே உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். உதிரிபாகக் கடையில் வண்டி மாடலும் ஆண்டும் சொல்லி, “மீட்டர் பல்பு தனியாக வருமா?” என்று கேட்டாலே தெரிந்துவிடும். தனியாக வராது என்றால், அந்த வண்டியில் கை வைக்காதீர்கள்.

வாரண்டி இன்னும் முடியாத வண்டி என்றால் ஷோரூம் சர்வீஸுக்கே போங்கள்.

என்ன சாமான்கள் வேண்டும்?

நீளமான ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, குட்டையானது ஒன்று. முனையில் காந்தம் இருந்தால் நல்லது, ஏனென்றால் டேஷ்போர்டுக்குள் விழுந்த திருகு எளிதில் திரும்பி வராது. பேட்டரி டெர்மினலுக்கு 10 எம்எம் ஸ்பேனர். கிளிப்பை நெம்ப பிளாஸ்டிக் பட்டை. அது இல்லையென்றால் ஸ்க்ரூடிரைவர் முனையில் துணி சுற்றிக்கொள்ளலாம். கரண்ட் வருகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் லேம்ப் அல்லது மல்டிமீட்டர். கழற்றிய திருகுகளைப் போட ஒரு கிண்ணம். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியைக் கழற்றியே ஆக வேண்டுமா?

ஆம். நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழற்றினால் போதும். பாசிட்டிவைக் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். நெகட்டிவைக் கழற்றும்போது அந்த ஆபத்து இல்லை. கடிகார நேரமும் ஸ்டீரியோவின் செட்டிங்கும் அழியலாம், அவ்வளவுதான். சில ஸ்டீரியோக்கள் ரகசிய எண் கேட்கும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

ஏர்பேக் உள்ள வண்டியில் இது விருப்பத்துக்கு விட்ட விஷயமே இல்லை. 2019 ஜூலையிலிருந்து நம் நாட்டில் விற்கும் கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஏர்பேக் சர்க்யூட்டில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், பத்து நிமிடம் ஆகட்டும். மஞ்சள் நிற உறை போட்ட ஒயரையும், ஒயர்களை இணைக்கும் மஞ்சள் கப்ளரையும் தொடவே வேண்டாம், அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது. ஸ்டீயரிங் வீலையும் கழற்ற வேண்டாம். ஸ்டீயரிங்கை மேலே கீழே அசைக்க முடிகிற வண்டி என்றால் அடிமட்டத்துக்கு இறக்கி வைத்தால் போதிய இடம் கிடைக்கும்.

சரி, எப்படிக் கழற்றுவது? வரிசையாகச் சொல்லுங்கள்.

வண்டிக்கு வண்டி திருகு இருக்கும் இடம் மாறும். ஆனால் அடிப்படை ஒன்றுதான். மீட்டரைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதன் நெற்றிப் பகுதிக்கு அடியில், கண்ணில் படாதபடி மேல்நோக்கி இரண்டு திருகுகள் இருக்கும். தலையைக் குனிந்து கீழிருந்து மேல்நோக்கிப் பார்த்தால் தெரியும், டார்ச் அடித்தால் இன்னும் சுலபம். அவற்றைக் கழற்றிய பிறகும் மூடி வராது. மீதியைக் கிளிப்புகள் பிடித்துக்கொண்டிருக்கும். மேல் மூலையில் தொடங்கி, ஒரு கையால் பக்கத்து டேஷ்போர்டை அழுத்திக்கொண்டு, மறு கையால் உங்களை நோக்கி இழுங்கள். டக்கென்று சத்தம் வந்தால் ஒரு கிளிப் விட்டுவிட்டது. அப்புறம் அடுத்தது.

இழுத்தும் அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். எங்கோ இன்னொரு திருகு ஒளிந்திருக்கிறது. மூடியிலேயே நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து மின்ன வைக்கும் ஹசார்ட் சுவிட்சோ வேறு பட்டன்களோ இருந்தால் அவற்றின் கப்ளரையும் பின்னாலிருந்து விடுவிக்க வேண்டும். இதை மறந்து வெடுக்கென்று இழுத்தால் ஒயர் பிய்ந்துபோகும்.

மார்கழி மாதத்தில் ஓசூர், தளி பக்கம் விடியற்காலையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. குளிரில் பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகிவிடும், பழைய வண்டியின் கிளிப் தொட்டாலே ஒடியும். வண்டியைச் சிறிது நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு ஆரம்பித்தால் அதே கிளிப் வளைந்து கொடுக்கும். தருமபுரி கோடையில் அதற்கு நேர்மாறு. கதவைத் திறந்து காற்றாட விட்டுவிட்டு உட்காருங்கள், வியர்த்த கையோடு மீட்டர் கண்ணாடியைப் பிடித்தால் வழுக்கும்.

மூடி வந்த பிறகு மீட்டரைப் பிடித்திருக்கும் மூன்று நான்கு திருகுகள் கண்ணுக்குத் தெரியும். அவற்றைக் கழற்றி, மீட்டரை ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் முன்னால் இழுங்கள். முழுதாக இழுத்துவிடாதீர்கள், பின்னால் ஒயர் கப்ளர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கப்ளரிலும் ஒரு நாக்கு இருக்கும். அதை அழுத்திக்கொண்டே கப்ளரின் உடம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இரண்டு மூன்று கப்ளர் இருந்தால் பொதுவாக அளவு மாறியிருக்கும், இருந்தாலும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

வெளியே வந்த மீட்டரைச் சுத்தமான துணியின் மேல் நிமிர்த்தியே வையுங்கள். சில மீட்டர்களில் முள் ஆடாமல் இருக்க அதன் அடியில் கெட்டியான சிலிக்கான் எண்ணெய் விட்டிருப்பார்கள். வெகுநேரம் முகம் குப்புற வைத்தால் அது கசிந்து, டயலில் கறை படியும்.

மீட்டர் இல்லாத அந்தப் பொந்தை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். களத்துமேட்டிலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஒயர் கண்டிப்பாக ஒன்றாவது சிக்கும். இவ்வளவு தூரம் வந்தபின் அதையும் சரிசெய்யாமல் மூடுவதில் அர்த்தமில்லை.

ஸ்பீடோ கேபிள் வரமாட்டேன் என்கிறதே?

மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர் இவற்றில் கியர் பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுழன்றுகொண்டே வந்து முள்ளை நகர்த்தும். மீட்டரின் பின்னால் அது இரண்டு விதமாக மாட்டியிருக்கும். ஒன்று, கையால் திருகிக் கழற்றும் மறை வளையம். இன்னொன்று, அழுத்தினால் விடும் பிளாஸ்டிக் நாக்கு. கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கேபிள் நீளம் போதாமல் மீட்டர் முன்னால் வராவிட்டால், என்ஜின் பக்கம் கேபிள் நுழையும் ரப்பர் வளையத்தைத் தளர்த்தி, அங்கிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொடுங்கள். ஒருவர் அங்கே தள்ள, ஒருவர் இங்கே இழுக்க, சுலபமாக முடியும். திரும்ப மாட்டும்போது கேபிளின் சதுர முனை மீட்டரின் குழியில் சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் வளையத்தை இறுக்கினால் முள் துடிக்கும், அல்லது அசையவே அசையாது. வண்டி ஓடும்போது டிக் டிக்கென்று சத்தம் வந்தாலும் முள் 40க்கும் 60க்கும் இடையே ஆடினாலும், கேபிள் எங்கோ கூர்மையாக மடங்கியிருக்கிறது அல்லது உள்ளே காய்ந்து போயிருக்கிறது.

எந்த பல்பு வாங்குவது?

போன பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இதைவிட நல்ல வழி இல்லை. கண்ணாடியிலோ அடியிலோ வோல்ட்டும் வாட்டும் எழுதியிருக்கும். டயல் வெளிச்சத்துக்குப் பெரும்பாலும் டி10 என்று சொல்லும் கண்ணாடி அடி பல்பு, 3 வாட் அளவில். எச்சரிக்கை விளக்குகளுக்கு அதைவிடச் சிறிய டி5, 1.2 வாட் அளவில். சில வண்டிகளில் பல்பும் ஹோல்டரும் ஒன்றாகவே வரும். அவற்றைக் கால் திருப்பு இடப்பக்கம் திருப்பினால் கையோடு வந்துவிடும்.

“வெளிச்சம் பத்தவில்லை, 5 வாட் போடுங்கள்” என்று பலர் கேட்பார்கள். போடக் கூடாது. பல்பு எடுக்கும் கரண்டில் பெரும் பங்கு சூடாகத்தான் போகிறது. மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு ஹோல்டரையும் டயலின் பின்பக்கத்தையும் உருக்கிவிடும். வெளிச்சம் குறைந்ததற்கு உண்மையான காரணம் பல்பின் கண்ணாடி உட்புறம் கறுத்திருப்பது. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை ஆவியாகிக் கண்ணாடியில் படிந்துகொண்டே வரும். அதே வாட்டில் புது பல்பு போட்டாலே முன்பிருந்த பளிச்சென்ற வெளிச்சம் திரும்பும். ஒன்று போயிருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ஒரே வயது பல்புகள், ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் மறுபடி மீட்டரைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. கிரானைட் குவாரிப் பாதையில் ஓடும் வண்டி என்றால் குலுக்கலிலேயே இழை அறுந்துபோகும், அவர்கள் இரண்டு பல்பு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

எல்இடி போடலாமா?

டயல் வெளிச்சத்துக்குப் போடலாம். சூடு குறைவு, குலுக்கலுக்குத் தாங்கும், ஆயுசும் அதிகம். ஆனால் எல்இடிக்குத் திசை உண்டு. திருப்பிப் போட்டால் எரியாது. எரியவில்லை என்று தூக்கிப் போடுவதற்கு முன் பிடுங்கித் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பல்பு நாலா பக்கமும் வெளிச்சம் பாய்ச்சும், எல்இடி நேர் முன்னால் மட்டும் பாய்ச்சும். அதனால் டயலில் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சமும் ஓரத்தில் இருட்டும் தெரியலாம். பக்கவாட்டிலும் எல்இடி உள்ள வகையை வாங்குங்கள். டிம்மரும் முன்போல் படிப்படியாக வேலை செய்யாமல் போகலாம்.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். சார்ஜ் லைட் என்று பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு இருக்கிறதே, அதில் எல்இடி போடாதீர்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். பழைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் அந்த பல்பு வெறும் அறிவிப்பு விளக்கு இல்லை. சாவியைத் திருப்பியதும் கரண்ட் அந்த பல்பின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டரின் சுருளுக்குப் போய், முதல் காந்தத்தை உண்டாக்குகிறது. அந்தக் காந்தம் வந்தால்தான் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்ய ஆரம்பிக்கும். ஆரம்பித்ததும் பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் ஆகிவிடும், விளக்கு அணையும். 3 வாட் பல்பு வழியாகக் கால் ஆம்பியர் போகும். எல்இடி வழியாகப் போவது 0.02 ஆம்பியர் அளவுதான், அது போதாது. விளைவு, வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் சார்ஜ் ஏறாது. ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால் சில வண்டிகளில் ஏறும், சிலவற்றில் ஏறாது. பேட்டரி புதிது மாற்றி, ஆல்டர்னேட்டரையும் கழற்றிப் பார்த்து, ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு கடைசியில் காரணம் அந்தச் சின்ன எல்இடி என்று தெரிந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த பல்பு ஃபியூஸ் ஆனாலும் இதே கதைதான். சாவி போட்டதும் சார்ஜ் லைட் எரியாத வண்டியை அப்படியே விடாதீர்கள்.

இண்டிகேட்டர் அம்பு விளக்கிலும் கவனம் வேண்டும். சில பழைய வண்டிகளில் இடத்துக்கும் வலத்துக்கும் சேர்த்து ஒரே அம்புதான். அங்கே இடப்பக்கம் போட்டால் ஒரு திசையிலும் வலப்பக்கம் போட்டால் எதிர்த் திசையிலும் கரண்ட் போகும். எல்இடி போட்டால் ஒரு பக்கத்துக்கு மட்டும் மின்னும்.

அண்ணா, நீலக் கலர் எல்இடி போட்டால் சூப்பராக இருக்கும் என்கிறார்கள். போடலாமா?

பார்க்க நன்றாக இருக்கும் தம்பி, ஓட்ட நன்றாக இருக்காது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்படிப் பழகிய கண்ணில் நீல வெளிச்சம்தான் மிக அதிகமாகக் கூசும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்துக் காட்டு ரோட்டில் தெருவிளக்கு கிடையாது. யானை நடமாட்டம் உண்டு. மூக்குக்கு நேரே நீல வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தால் ரோட்டோரத்து இருட்டில் நிற்பது எதுவும் தெரியாது. மங்கலான வெள்ளையோ, இளம் மஞ்சளோ, பழைய பச்சையோ போதும்.

இன்னொன்று, பல மீட்டர்களில் பல்பின் மேல் பச்சை ரப்பர் உறையோ, டயலின் பின்னால் நிறத் தாளோ இருக்கும். சிவப்புத் தாளுக்குப் பின்னால் நீல எல்இடி வைத்தால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது, ஏனென்றால் அந்தத் தாள் சிவப்பை மட்டும்தான் வெளியே விடும். எச்சரிக்கை விளக்குகளின் நிறத்தை மாற்றவே மாற்றாதீர்கள். சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் கவனி, நீலம் என்றால் ஹெட்லைட் ஹை பீமில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லா நாட்டு வண்டிகளிலும் இந்த அர்த்தம் ஒன்றுதான்.

மீட்டரின் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அது என்ன?

அதுதான் வயரிங். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் பதித்திருப்பார்கள். பல்பு ஹோல்டர் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டுதான் கரண்ட் எடுக்கிறது. இது கிழிந்தால் மொத்த மீட்டரும் கெட்ட மாதிரி. ஹோல்டரைத் திருப்பும்போது தாளையும் சேர்த்து முறுக்காமல், ஒரு விரலால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள்.

நிறைய நேரங்களில் பல்பு நன்றாகவே இருக்கும், செம்புக் கோடு பச்சை பூத்துத் தொடர்பு விட்டிருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் செம்பு பளபளக்கும். சாண்ட் பேப்பர் வேண்டாம், அது செம்பையே எடுத்துவிடும். கண்ணாடி என்று நாம் சொல்லும் முன்பக்கமும் பிளாஸ்டிக்தான். ஈரமான பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பெட்ரோலோ தின்னரோ பட்டால் விரிசல் விட்டுப் புகை படிந்தது போல் மங்கிவிடும். முள்ளைக் கழற்றவே கூடாது. ஒருமுறை பிடுங்கிவிட்டால் பழைய இடத்தில் சரியாக மாட்டுவது அரிது, பிறகு அது காட்டும் வேகத்தை நம்ப முடியாது.

லாரிக்கும் இதே முறைதானா?

கழற்றும் முறை ஏறக்குறைய அதுவே, ஆனால் பெரிய லாரிகள் 24 வோல்ட். 12 வோல்ட் பல்பைப் போட்டால் எரிந்த நொடியிலேயே போய்விடும். குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ், பிக்கப் வண்டிகள் 12 வோல்ட். அவற்றில் 24 வோல்ட் பல்பு போட்டால் மின்மினி மாதிரி மங்கலாக எரியும். கடையில் வோல்ட் சொல்லிக் கேளுங்கள்.

லாரியில் இரண்டு பேட்டரி இருக்கிறதே, ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து எல்இடிக்கும் பாட்டுப் பெட்டிக்கும் கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள். ஒரு பேட்டரி இறங்கிக்கொண்டே வரும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும். இரண்டும் சீக்கிரம் போகும்.

லாரியில் எந்த விளக்கை முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டால், பிரேக்கை இயக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் ஏர் பிரஷர் முள்ளின் விளக்கையும், ஏர் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கையும்தான் சொல்வேன். தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் போகும்போது தொப்பூரில் நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகும், திரும்பத் திரும்ப மிதிக்க ஏரும் இறங்கும். அங்கே நடந்த விபத்துகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கியரில்தான் இறங்க வேண்டும், ஏர் முள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மாற்றிய பிறகு எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

மூடியை மாட்டுவதற்கு முன்பே சோதியுங்கள். கப்ளர்களை மாட்டி, பேட்டரியைக் கொடுத்து, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். ஏர்பேக் வண்டியில் கப்ளரெல்லாம் மாட்டிய பிறகே பேட்டரி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏர்பேக் விளக்கு அணையாமல் நின்றுவிடக்கூடும்.

ஆயில், சார்ஜ், என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு, ஹேண்ட் பிரேக் இட்டிருந்தால் அதன் விளக்கு எல்லாம் எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ஆயிலும் சார்ஜும் அணைய வேண்டும். பிறகு பார்க் லைட், ஹை பீம், இரண்டு இண்டிகேட்டர். மல்டிமீட்டர் இருந்தால் என்ஜின் ஓடும்போது பேட்டரியில் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.8க்கும் 14.4க்கும் இடையே காட்டினால் சார்ஜ் சரியாக ஏறுகிறது.

டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் இரண்டும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் மீட்டரைப் பாடியோடு இணைக்கும் எர்த் ஒயரைப் பாருங்கள், பழைய வண்டியில் முட்களுக்கு வோல்ட்டைச் சீராகக் கொடுக்கும் ஸ்டெபிலைசரையும் பாருங்கள். ஒரு முள் மட்டும் தப்பு என்றால் அந்த முள்ளுக்கான சென்சார் ஒயர். எல்லாம் சரி என்ற பிறகு மூடியை மாட்டுங்கள். பிளாஸ்டிக்கில் திருகும் திருகுகளை இறுக்கித் தள்ளாதீர்கள், மறை தேய்ந்துவிடும்.

கழற்றினால் கிலோமீட்டர் மாறிவிடுமா?

மாறாது. பழைய மீட்டரில் அது பல்சக்கரத்தில் நிற்கிறது, புதியதில் மின்சாரம் இல்லாமலேயே நினைவில் நிற்கும் சிப்பில் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் வேறு மீட்டர் வாங்கி மாட்டினால்தான் எண் மாறும். அப்படி மாட்ட நேர்ந்தால் பழைய எண், புதிய எண், தேதி மூன்றையும் எழுதி, பில்லோடு வண்டிக் காகிதங்களில் வையுங்கள். விற்கும்போது வாங்குபவரிடம் காட்டுங்கள். எண்ணைக் குறைத்துக் காட்டித் தரச் சொல்லி வருபவர்கள் உண்டு. அது ஏமாற்று வேலை, நான் செய்வதில்லை, நீங்களும் செய்யச் சொல்லாதீர்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறேன். மீட்டரில் என்ன பார்ப்பது?

ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள். நீங்கள் அணைக்கச் சொல்லிவிட்டு, சாவியை வாங்கி ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். என்ஜின் விளக்கோ ஆயில் விளக்கோ ஏர்பேக் விளக்கோ எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். கோளாறு இருக்கும் வண்டியில் எச்சரிக்கை பல்பைப் பிடுங்கிவிடுவதும், பின்னால் கறுப்பு டேப் ஒட்டுவதும் நடக்கிறது. மூடியின் திருகுத் தலை தேய்ந்திருக்கிறதா, ஓரத்தில் நெம்பிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தடம் இருப்பதாலேயே மோசடி என்று சொல்ல முடியாது, பல்பு மாற்றியும் இருக்கலாம். ஏன் கழற்றினீர்கள் என்று கேளுங்கள், உரிமையாளருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

பைக், மொபெட் மீட்டர்?

இது சுலபம். ஹெட்லைட் மூடியையோ மீட்டரின் அடி மூடியையோ கழற்றினால் ரப்பர் ஹோல்டரில் பல்பு இருக்கும், இழுத்தால் வரும். பழைய பைக்குகள் சிலவற்றில் விளக்குக்குப் பேட்டரியிலிருந்து அல்லாமல் என்ஜினின் காயிலிலிருந்து நேராக ஏசி கரண்ட் வரும். அங்கே சாதாரண எல்இடி போட்டால், வண்டி நிற்கும்போது என்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலிங்கில் மினுக்கும். அந்த வண்டிகளில் பல்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அது இல்லாமல் இரண்டு நாள் வண்டியை ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 117ஆம் விதி வேகமானியைப் பற்றியது. வண்டியில் அது இருக்க வேண்டும், வேலை செய்ய வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மீட்டர் இல்லாவிட்டால் ஆயில் விளக்கும் டெம்பரேச்சர் முள்ளும் இல்லை. என்ஜின் ஆயில் வற்றினாலும் தண்ணீர் கொதித்தாலும் உங்களுக்குத் தெரியாது. மேலே சொன்ன சார்ஜ் பல்பும் மீட்டரோடு போய்விட்டதால் பேட்டரியும் இறங்கும். மாங்காய் சீசனில் வண்டியை நிறுத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். சர்க்யூட் போர்டு வேலை என்றால் முந்தின நாளே போட்டோ அனுப்பி, பாகம் கையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, லோடு இல்லாத நாளில் காலையில் கொடுத்து மாலையில் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் பல்பு மாற்றும் வேலைக்கு வண்டியை விட்டுவிட்டுப் போகவே வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருங்கள். அடுத்த முறை நீங்களே செய்வீர்கள்.